உஷார்! ஸ்கோப்போடு சேர்த்து 379 டாலர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, இரவு எட்டே முக்கால். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கண்ணாடி மேஜை மேல் கறுப்பு ரைஃபிள், அதன் முதுகில் ஸ்கோப், பக்கத்தில் மஞ்சள் அட்டையில் 379 டாலர் என்று கொட்டை எழுத்து. கீழே தம்பி எழுதியிருந்தான்: “அண்ணா, ஸ்கோப்போட சேர்த்தே இவ்ளோதான். அள்ளிரலாமா?”

அடுப்பை அணைத்துவிட்டுப் போன் போட்டேன்.

“கார்டை உள்ள வை. மொதல்ல கடைய விட்டு வெளிய வா.”

“ஏண்ணா? ஞாயித்துக்கிழமையோட ஆஃபர் முடியுது.”

“முடியட்டும்டா.”

தம்பி என்றால் கூடப் பிறந்தவனில்லை. திசையன்விளைக்காரன். பிட்ஸ்பர்க்கில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். எச்-1பி விசாவில் வந்து அப்போது மூன்றாவது வருஷம். ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்கள் மான் வேட்டைக்கு வா என்று கூப்பிட்டிருந்தார்கள். பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை ரைஃபிள் மான் சீசன் திறக்கும். அதையொட்டி வருகிற திங்கட்கிழமை பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு. ஊரே காட்டுக்குள் போகும்போது அவனுக்கு மட்டும் ஆசை வரக்கூடாது என்றால் எப்படி? ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த மஞ்சள் அட்டையைச் சுற்றி எத்தனை குழி வெட்டியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அதில் இரண்டில் நானே விழுந்து எழுந்தவன். அன்றைக்குப் போனில் கத்தியதை இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் விசா. விலையைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்கப்புறம்.

தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது அந்த நாட்டின் மத்தியச் சட்டம். எச்-1பி, எச்-4, எல்-1, மாணவர்களின் எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம். துப்பாக்கி மட்டுமில்லை, மேஜை டிராயரில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் அதே கதைதான். சில விதிவிலக்குகள் உண்டு. நம் ஆட்களுக்குப் பொருந்துவது ஒன்றுதான். ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருக்கவேண்டும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

“லைசென்ஸ் அப்புறமா எடுத்துக்கலாம்னு ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னானே?” என்றான் தம்பி.

சொன்னவன் இந்த ஊரில் பிறந்தவன். அவனுக்கு அந்தக் கேள்வியே வராது. நமக்கு வரும். கடையில் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நீட்டுவார்கள். நீ எந்த நாட்டுக் குடிமகன், தற்காலிக விசாவில் வந்தவனா, ஆமென்றால் விதிவிலக்கு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டிருக்கும். அவசரத்தில் ‘இல்லை’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் அது பொய் வாக்குமூலம். பத்து ஆண்டுவரை சிறை. தகுதி இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு 2022-க்குப் பிறகு பதினைந்து ஆண்டுவரை. தண்டனை முடிந்தால் விமான டிக்கெட்டும் தயாராக இருக்கும், ஒரு வழி டிக்கெட். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரை நாடுகடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்திலேயே தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

லைசென்ஸ் எடுத்தாயிற்று, இனி பயமில்லை என்று இருந்துவிடவும் முடியாது. பென்சில்வேனியா வேட்டை லைசென்ஸுக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரைதான் ஆயுள். சீசன் டிசம்பரில் முடிந்துவிடும். அதற்கப்புறம் யாருக்கு லைசென்ஸ் ஞாபகம் இருக்கிறது? ஜூன் 30 ராத்திரி அலமாரியில் சாதுவாகத் தூங்கப்போன ரைஃபிள், ஜூலை 1 காலையில் மத்தியச் சட்டப்படி குற்றமாக எழுந்திருக்கும். யாரும் கடிதம் போட்டு நினைவூட்டமாட்டார்கள். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பது உங்கள் பாடு.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான் பாருங்கள்: “அப்போ கிரீன் கார்டு வச்சிருக்கீங்கல்ல, நீங்க வாங்கிக் குடுங்கண்ணா. ஜிபேல, சாரி, ஜெல்ல காசு அனுப்பிடறேன்.”

ஊரில் ஒருத்தர் ஆதார் கார்டில் இன்னொருத்தருக்கு சிம் வாங்கிக் கொடுப்போமே, அந்தப் பழக்கம். இங்கே அது நேராகச் சிறைக்குப் போகிற வழி. ஆப்ராம்ஸ்கி என்பவரின் வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்த்தது. அவர் வர்ஜீனியாக்காரர், முன்னாள் போலீஸ். பென்சில்வேனியாவில் இருந்த தன் அங்கிளுக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். (சித்தப்பாவா மாமாவா என்று கேட்காதீர்கள், ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள்.) அந்த அங்கிளுக்குத் துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. பிறகு ஏன் இவர் வாங்கினார்? போலீஸ்காரர்களுக்கு டிஸ்கவுன்ட் கிடைக்கும் என்பதற்காக. படிவத்தில் ‘உண்மையில் வாங்குபவர் நான்தான்’ என்று எழுதியிருந்தார். அது பொய்தான் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கொஞ்சம் டாலர் மிச்சம் பிடிக்கப்போய் உச்ச நீதிமன்றம் வரை நடந்தவர் அவர். பணம் வாங்காமல் உண்மையான பரிசாகக் கொடுப்பது வேறு கதை. அதற்கும் பெறுகிறவருக்குத் தகுதி இருக்கவேண்டும். 2022-இல் வந்த சட்டம் பினாமி வாங்குதலுக்கென்றே தனிக் குற்றம் சேர்த்து, அதற்கும் பதினைந்து ஆண்டு என்றது. நான் போனை வைத்துவிட்டேன். ரசம் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். வாங்க இல்லை, பார்க்க. பெரியவர் ஸ்டீல் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். இரும்பைக் கையில் எடுத்தால் அதன் ஜாதகம் சொல்வார்.

சரி, மலிவு ரைஃபிள் வாங்கலாமா கூடாதா? நேராகவே சொல்லிவிடுகிறேன். குழல் மோசமில்லை. இது நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தக் காலத்தில் மலிவுத் துப்பாக்கி என்றால் சுடும் திசையைச் சோசியரிடம்தான் கேட்கவேண்டும் என்பார்கள். இப்போது அப்படி இல்லை. கணினி இயந்திரங்கள் குழலைத் துல்லியமாகக் கடைந்து தள்ளுகின்றன. சாவேஜ் கம்பெனி 1958-இல் கொண்டுவந்த 110 மாடலில் குழலை ஒரு பெரிய நட்டு போட்டு இறுக்கும் முறை இருந்தது. தோட்டா உட்காரும் இடைவெளியை ஒரு ஆள் உட்கார்ந்து ராவி ராவிச் சரிசெய்யவேண்டிய வேலையை அந்த நட்டு மிச்சமாக்கியது. அதே வழியில்தான் இன்றைக்கு அவர்களுடைய ஆக்சிஸ் 400 டாலர் வாக்கில் வருகிறது. ரூகர் 2012-இல் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கன் ரைஃபிளும் இந்த வகைதான். நல்ல தோட்டா போட்டால் நூறு கெஜத்தில் மூன்று ஓட்டைகளையும் ஒரு தோசைக்கரண்டியால் மூடிவிடலாம். மானின் உயிர்நிலை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். அதற்கு இது தாராளம்.

ஆக, கம்பெனிக்காரன் குழலில் கை வைக்கவில்லை. பிறகு எங்கே மிச்சம் பிடித்தான்? பெரியவர் பர்சிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்தார். குழலுக்கும் அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டைக்கும் நடுவே நோட்டைச் செருகி, நுனியிலிருந்து பின்னால் வரை இழுத்துக்கொண்டே போனார். தடையில்லாமல் போயிற்று. “நல்லதுதானே?” என்றான் தம்பி. பெரியவர் பதில் சொல்லாமல் இடது கையால் கட்டையின் முன்பகுதியைப் பிடித்து, கட்டைவிரலால் லேசாகக் குழல் பக்கம் அழுத்தினார். பிளாஸ்டிக் வளைந்தது. நோட்டு சிக்கிக்கொண்டது. மரத்தில் சாய்த்துச் சுடும்போதோ, வாரை இழுத்துப் பிடித்துச் சுடும்போதோ இப்படித்தான் கட்டை குழலை முட்டும். முட்டினால் குண்டு விலகும். ஐந்து வினாடிப் பரிசோதனை, ஒரு டாலர் செலவு. அதையும் திருப்பிப் பையில் வைத்துக்கொண்டார்.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது. அது பழகப் பழக வழுவழுப்பாகிவிடும், பெரிய குறையில்லை. தோட்டா நிரப்பும் மேகசின் முழுக்கப் பிளாஸ்டிக். அதன் உதடுகளை நகத்தால் நெருடிப் பாருங்கள், பிசிறு இருந்தால் இரண்டாவது தோட்டா உள்ளே ஏறாமல் முரண்டு பிடிக்கும். கட்டையின் பின்னால் இருக்கும் ரப்பர் சில மாடல்களில் பெயருக்குத்தான் ரப்பர். துப்பாக்கி எடை குறைய குறைய உதை கூடும். ‘பெரிய தோட்டாவாக வாங்கினால் மான் நிச்சயம் விழும்’ என்று .300 வின்செஸ்டர் மேக்னம் பக்கம் போகிறவர்கள் மூன்றாவது குண்டிலேயே தோளைத் தடவிக்கொண்டு, நாலாவது குண்டுக்குக் கண்ணை மூடிவிடுவார்கள். புதுசாகப் பழகுகிறவருக்கு .243 போதும், 6.5 கிரீட்மோர் போதும், .308-க்கு மேல் தேவையே இல்லை.

இப்போது அந்த ஸ்கோப். உஷார் என்று தலைப்பு வைத்ததே இதற்காகத்தான்.

நானும் இப்படி ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். பெட்டியைப் பிரித்தால் ரைஃபிள் மேல் ஸ்கோப் பூட்டியே இருந்தது. ‘தொழிற்சாலையிலேயே நேர்ப்படுத்தப்பட்டது’ என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டை நம்பினேன். நேர்ப்படுத்துவது என்றால் குழலும் ஸ்கோப்பும் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்க்கின்றன என்று கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சுட்டுப் பார்த்தவர் யாருமில்லை. பயிற்சி மைதானத்தில் முதல் மூன்று குண்டு அட்டையிலேயே படவில்லை. திருகித் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தேன். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். சீசன் முதல் நாள் எண்பது கெஜத்தில் ஒரு பெட்டை மான், பக்கவாட்டில், அசையாமல். சுட்டேன். மான் பின்னங்காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போயிற்று.

இலை மேல் ஒரு சொட்டு. பத்து அடி தள்ளி இன்னொரு சொட்டு. பெரியவரும் நானும் குனிந்து குனிந்து இரண்டு மணி நேரம் நடந்தோம். ஒரு ஓடைக்கரையில் சொட்டு நின்றுபோயிற்று. எதிர்க்கரை முழுக்கத் தேடினோம். இருட்டிவிட்டது. அந்த மான் எங்கே போய் விழுந்ததோ. மறுநாள் ரைஃபிளை மேஜை மேல் வைத்து ஸ்கோப்பைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. தாங்கியை ரைஃபிளோடு பிடித்திருந்த முன் திருகாணியை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் விரலாலேயே கழற்ற முடிந்தது. கடைக்குக் கொண்டுபோனேன். பார்க்கிறோம் என்றார்கள், மூன்று வாரம் வைத்திருந்தார்கள், இறுக்கிக் கொடுத்தார்கள். அடுத்த மழையில் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தது.

எண்ணிப் பாருங்கள். ஓரளவு நம்பகமான ஸ்கோப் 200 டாலர். தாங்கியும் வளையமும் 40, 50. திருகாணியைக் கணக்காக இறுக்கும் முறுக்குச் சாவி இன்னொரு 40. வேட்டைத் தோட்டா இருபது கொண்ட பெட்டி 30 முதல் 50 டாலர். பழகுவதற்கு நாலைந்து பெட்டியாவது வேண்டும். 379 எங்கே நிற்கிறது? ஸ்கோப் இல்லாத வெறும் ரைஃபிளை வாங்கி, மிச்சப் பணத்தை ஸ்கோப்பில் போடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் குறைவு. இட்லி வாங்கினால் வடை இலவசம் என்றால் வடை நேற்றையதா என்று யார் கேட்கிறார்கள்?

தம்பியின் கண் அதற்குள் அடுத்த அலமாரிக்குப் போய்விட்டது. பழைய துப்பாக்கிகள். “அண்ணா, ரெமிங்டன். 280 டாலர்தான்.”

பெரியவர் அந்தப் பெயரைக் கேட்டதும் புருவத்தைத் தூக்கினார். ரெமிங்டன் 700 என்பது 1962-இலிருந்து வரும் பேர்போன ரைஃபிள். அமெரிக்க வேட்டைக்காரர்களில் அதைத் தொடாதவர் குறைவு. அதன் பழைய டிரிகரை வடிவமைத்தவர் மைக் வாக்கர் என்ற பொறியாளர். அதில் டிரிகருக்கும், சுடும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் கொக்கிக்கும் நடுவே கனெக்டர் என்று ஒரு குட்டித் தகடு. அது எதோடும் ஒட்டியிருக்காது. ஸ்பிரிங் அழுத்தத்தில் டிரிகரோடு சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் விலகி, மறுபடி தன் இடத்துக்கு வரவேண்டும். தூசியோ காய்ந்த எண்ணெயோ நடுவில் உட்கார்ந்து அது முழுசாகத் திரும்பாமல் போனால், கொக்கி நிற்க இடமில்லை. சேஃப்டியைத் தள்ளிய மாத்திரத்தில், விரல் டிரிகர் பக்கமே போகாமல், வெடிக்கும். இதுதான் வழக்குப் போட்டவர்கள் சொன்னது. கம்பெனி வடிவமைப்பில் குறை என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. சிஎன்பிசி தொலைக்காட்சி 2010-இல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தது.

இன்னொன்று கவனியுங்கள். 1982-க்கு முந்தைய 700-களில் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் திறக்காது. தோட்டாவை வெளியே எடுக்கவேண்டும் என்றாலே சேஃப்டியை எடுத்தாகவேண்டும். வேட்டை முடிந்து, காருக்குப் பக்கத்தில் நின்று, குடும்பம் சுற்றி நிற்க, துப்பாக்கியைக் காலி செய்யும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்றால் என்ன சொல்ல?

பிறகு புது டிரிகர் வந்தது, எக்ஸ்-மார்க் புரோ. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். 2014 ஏப்ரலில் கம்பெனியே அறிவித்தது: 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த 700, செவன் மாடல் ரைஃபிள்களைச் சுடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று. காரணம் என்ன தெரியுமா? பொருத்தும்போது பூசிய பசை கொஞ்சம் கூடிப்போயிற்று. பசை!

வாங்கியவர்கள் சேர்ந்து போட்ட கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. 700 மட்டுமில்லாமல், மலிவு மாடல்களான 710, 715, 770 உட்பட ஒரு டஜன் மாடல்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. சிலவற்றுக்கு டிரிகரை இலவசமாக மாற்றித் தந்தார்கள், சிலவற்றுக்கு வெறும் கூப்பன். அந்தக் காலக்கெடு 2020-இலேயே முடிந்துவிட்டது. ரெமிங்டன் 2018-இல் ஒரு தடவை, 2020-இல் ஒரு தடவை திவாலாகி, துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஆகவே இன்றைக்குப் பழைய துப்பாக்கி அலமாரியில் சாய்ந்து நிற்கும் அந்த 280 டாலர் ரைஃபிளுக்கு டிரிகர் மாற்றினார்களா இல்லையா என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது. தம்பி கை நீட்டியது 770. 2007 வாக்கில், முந்தைய 710-க்குப் பதிலாக வந்தது. இதுவும் ஸ்கோப்போடு பெட்டியில் வந்த வகைதான். அந்த 710-ஐ நான் ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன்; போல்ட் ஓடும் பாதையிலேயே பிளாஸ்டிக் செருகல். ஏன் மலிவு என்று கேட்கவே வேண்டாம்.

பழசு வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்குப் பெரியவர் காட்டிய சோதனை இது. முதலில் போல்ட்டைத் திறந்து அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். முனை யாரும் இல்லாத பக்கம் இருக்கட்டும். போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, டிரிகரை அழுத்தமாக இழுத்து விடுங்கள். விரலை முழுக்க எடுத்துவிட்டுச் சேஃப்டியைத் தள்ளுங்கள். ‘டிக்’ என்று கேட்டால் வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். கேட்காவிட்டால், போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பாருங்கள், கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டிப் பாருங்கள். பத்துத் தடவை தேறினாலும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் டிரிகரைக் காட்டாமல் தோட்டா போடவேண்டாம். புது டிரிகருக்கு 150 டாலர் ஆனாலும் பரவாயில்லை. வீடியோ பார்த்து டிரிகரை நாமே ‘லேசாக்குகிற’ வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பஞ்சு மாதிரி ஆக்கிய டிரிகர் குளிருக்குக் கையுறை போட்ட விரலுக்குத் தெரியாது. சாவேஜ் 2000-களின் தொடக்கத்தில் டிரிகருக்கு நடுவே ஒரு மெல்லிய நாக்கு வைத்து அக்யூடிரிகர் என்று கொண்டுவந்தது. நாக்கை அமுக்காமல் வெடிக்காது. ஆனால் ஆக்சிஸின் அடிமாட்டு விலை மாடலில் வெகுகாலம் அது கிடையாது; ஆக்சிஸ் II-இல் உண்டு. இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடுகிற காசு. அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

தோட்டாவிலும் ஒரு வரி சொல்லவேண்டும். .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைஃபிளுக்குள் சமயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். போல்ட்டும் மூடும். சுட்டால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள், மேஜையில் ஒரே நேரத்தில் பரப்பாதீர்கள். குழலுக்குள் பனி அடைத்திருந்தாலும் அதே கதி.

காரில் திரும்பும்போது தம்பி கேட்டான்: “அப்போ லைசென்ஸ் எடுத்துட்டு, புதுசா வாங்கி, பென் ஹில்ஸ் கோயிலுக்குப் பின்னால நிக்குதே, அந்த மானை அடிக்கலாமா?”

எல்லாரும் கேட்கிற கேள்விதான். பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போகிற ரோட்டில் மான்கள் நம் ஊர் ஆடு மாதிரி நிற்கும். ஆனால் அது அலெகனி கவுண்டி. பிட்ஸ்பர்க் முழுக்க இந்தக் கவுண்டிதான். இதற்கும், பிலடெல்பியாவைச் சுற்றி நம் ஆட்கள் குவிந்திருக்கும் செஸ்டர், மான்ட்கமரி, பக்ஸ், டெலவேர் கவுண்டிகளுக்கும் சிறப்பு விதிகள். மானுக்கு இந்த வகை ரைஃபிளே அங்கே கூடாது. ஷாட்கன், வில் மாதிரி குறைந்த தூரம் போகிறவைதான். வாங்கின ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வடக்கே மலைக்காட்டுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஓட்டவேண்டும். மாநில வேட்டைத் துறையின் கையேட்டை வருஷா வருஷம் புதிதாகப் படியுங்கள், வரிகள் மாறும். ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து 150 கெஜத்துக்குள் சுடக்கூடாது. தோட்டா போட்ட ரைஃபிளைக் காருக்குள் வைக்கக்கூடாது, காரில் சாய்க்கவும் கூடாது. ஆரஞ்சு நிறச் சட்டை, தொப்பி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

தம்பி நல்ல பிள்ளை. அந்த சீசனை விட்டுவிட்டான். குளிர்காலத்தில் வேட்டைப் பாதுகாப்புப் படிப்பை முடித்தான். ஜூலையில் லைசென்ஸ் எடுத்தான், ஆகஸ்டில் ஸ்கோப் இல்லாத ரைஃபிள் ஒன்றை .308-இல் வாங்கினான், ஸ்கோப்பைத் தனியாக வாங்கி என் சமையலறை மேஜையில் வைத்துத்தான் பூட்டினோம். மொத்தம் 800 டாலரைத் தாண்டியது. நவம்பரில் ஒரு கிடா மான் விழுந்தது. கறியைக் கொண்டுவந்து கொடுத்தான். என் மனைவி மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. இதை ஊரில் இருக்கும் அப்பா அம்மாக்களும் படிக்கவேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வருகிற நம் ஆட்கள் இந்திய விமான நிலையங்களில் மாட்டிக்கொள்கிற செய்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பையின் ஓரத்தில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா. துப்பாக்கி இல்லை, ஆயுதக் கடத்தல் இல்லை, ஒரு விரல் நீளப் பித்தளை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு அது போதும். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்ததாக எஃப்ஐஆர். அமெரிக்க லைசென்ஸைக் காட்டினாலும் இந்தியாவில் செல்லாது. தெரியாமல் வந்துவிட்டது என்றால், உணர்ந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொல்லியிருக்கிறது, அந்த அடிப்படையில் உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்தும் இருக்கின்றன. ஆனால் அந்த உத்தரவு கைக்கு வருகிற வரைக்கும்? வக்கீல், ஜாமீன், கோர்ட் தேதி. மூன்று வார லீவில் வந்தவன் வேலைக்கு என்ன பதில் சொல்வான்? விசா முத்திரைக்குப் போகும்போது ‘கைது செய்யப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு எதை எழுதுவான்?

பயிற்சி மைதானத்துக்குக் கொண்டுபோன பை, ஜாக்கெட், கேமரா உறை, எதையும் ஊருக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வேறு பையே இல்லை என்றால் உள்ளுறையை வெளியே இழுத்து, தையல் ஓரம் வரை விரலால் தடவிப் பாருங்கள். தோட்டா கனமானது, தலைகீழாகக் கவிழ்த்தால் விழுந்துவிடும் என்று நினைப்போம். லேப்டாப் பைகளின் அடியில் ஒரு அட்டை இருக்கும், அதற்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும்.

டிசம்பர் 18, தம்பி சென்னைக்குக் கிளம்பும் நாள். காலையில் போன் பண்ணினேன்.

“எந்தப் பைடா கேபினுக்கு?”

“அதே கறுப்புப் பைதாண்ணா. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போவேனே. நேத்தே எல்லாத்தையும் எடுத்துட்டேன்.”

“அடி அட்டையைத் தூக்குனியா?”

“அதெல்லாம்…” என்று ஆரம்பித்தான். ஜிப் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெல்க்ரோ பிரிகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

“தம்பி?”

“ஒண்ணு இருக்குண்ணா,” என்றான். குரலே மாறியிருந்தது.

விமானத்துக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது.